பயஸ் சரியாத்தான் இருந்துச்சு, வெந்தது டிரான்ஸ்ஃபார்மர்

மூணு மாசமா ஒரு வாசனை என்னைய தொரத்திட்டே இருந்துச்சு. வார்னிஷ் வாசனை. ஃபேன் மோட்டாருக்கு காயில் கட்டுற கடை வாசல்ல நின்னிருக்கீங்கன்னா தெரியும், லேசா தித்திப்பா, லேசா கரிஞ்ச மாதிரி, மூக்குக்குள்ள போய் ஒட்டிக்கிட்டு ராத்திரி சாப்பிடும்போது கூட போகாது. வீட்ல நானா கட்டின கிட்டார் ஆம்ப்ப (ஆம்ப்ளிஃபையர) ஆன் பண்ணி முக்கால் மணி நேரம் ஆனா போதும், வந்துரும். அம்மா ரெண்டு தடவை அடுப்படிக்குப் போய் குக்கர் கேஸ்கெட் கருகுதான்னு பார்த்துட்டு வந்தாங்க. "புது டிரான்ஸ்ஃபார்மர்மா, கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் வரும்"னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு வாசிச்சுட்டு இருந்தேன். புதுசா கட்டினது மொத சில மணி நேரம் மணக்கும்ங்கிறது நிஜம்தான். ஆனா மூணு மாசம் ஆகியும் அது புதுசாவே இருக்காதில்ல.

ஆம்ப் பெருசா ஒண்ணும் இல்ல. மார்ஷல் ஜேடிஎம்45 ஆம்ப் வழியில வந்த சர்க்யூட், ஸ்பீக்கர ஓட்டுற பவர் வால்வு இஎல்34 ரெண்டு, சின்ன வால்வு 12ஏஎக்ஸ்7 மூணு. 1962 வாக்குல லண்டன் ஹான்வெல்ல ஜிம் மார்ஷல் கடைல ஃபெண்டரோட 5எஃப்6-ஏ பேஸ்மேன் ஆம்ப்ப முன்னாடி வச்சுக்கிட்டு, அந்த ஊர்ல கிடைச்ச பார்ட்ஸ வச்சு கட்டினாங்களே, அந்த வம்சம். அந்தக் கதை இதப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும், விட்டுடறேன். நான் மாத்தினது ஒண்ணே ஒண்ணுதான். ஏசிய டிசியா மாத்துற ரெக்டிஃபையர் வால்வு ஜிஇசட்34ஐ தூக்கிட்டு நாலு 1என்4007 டயோடு போட்டு பிரிட்ஜ் ஆக்கிட்டேன். ஒரு வால்வு காசு மிச்சம், அதோட ஃபிலமென்ட்டுக்கு தனியா 5 வோல்ட் வைண்டிங் வேணாம், ஹெச்டி (ஹை வோல்டேஜ்) வைண்டிங்ல சென்டர் டேப்பும் (நட்ட நடுவுல எடுக்குற இணைப்பு) வேணாம். ரொம்ப புத்திசாலித்தனமா பண்ணிட்டதா அப்ப ஒரு நினைப்பு. இந்த "ஒண்ணே ஒண்ணு" இருக்கே, அத ஞாபகம் வச்சுக்கங்க.

(டியூப்னு சொல்லாம வால்வுன்னு ஏன் எழுதறேன்னு கேட்டா, வீட்ல டியூப் வாங்கப் போறேன்னு சொன்னா டியூப்லைட்னு நினைச்சுக்குறாங்க. வால்வுன்னா தாத்தா காலத்து ரேடியோ ஞாபகம் வந்து பெரியவங்க கொஞ்சம் மரியாதையா பாக்குறாங்க. அவ்ளோதான் காரணம்.)

எனக்கு எரிச்சல் என்னன்னா, பயஸ், அதாவது வாசிக்காம சும்மா இருக்கும்போது பவர் வால்வுல எவ்ளோ கரன்ட் ஓடணும்னு வைக்கிற அளவு, சுத்தமா இருந்துச்சு. அத நூறு தடவை பார்த்திருப்பேன். (வால்வுக்குள்ள எலக்ட்ரான் கேத்தோடுல கிளம்பி பிளேட்ல போய் விழும், நடுவுல இருக்கிற ஸ்க்ரீன் கொஞ்சம் பிடிச்சுக்கும்.) ரெண்டு இஎல்34லயும் கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 1 ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கேன், மீட்டர்ல எத்தனை மில்லிவோல்ட் காட்டுதோ அத்தனை மில்லிஆம்ப், கணக்கே வேணாம். ஒவ்வொண்ணுலயும் 46. அதுல ஸ்க்ரீனுக்குப் போறது ஒரு 5 கழிச்சா பிளேட்டுக்கு 41, பிளேட்ல 430 வோல்ட், பெருக்குனா 17.6 வாட். இஎல்34 பிளேட்டோட உச்சவரம்பு 25 வாட், அதுல எழுபது பெர்சென்ட் 17.5. எல்லாரும் மந்திரம் மாதிரி ஓதுற அந்த எழுபது பெர்சென்ட்ல, ஸ்கேல் வச்சு அளந்த மாதிரி வந்து நிக்குது. ராத்திரி ரூம்ல லைட்ட அணைச்சுட்டு ஆம்ப் பின்னாடி குந்தி உக்காந்து பத்து நிமிஷம் வால்வையே பார்த்திருக்கேன். பிளேட்டோட சாம்பல் நிறத்துல எங்கயாவது மங்கலா ஒரு சிவப்புத் திட்டு தெரியுதா, மடிச்சு ஒட்டின ஓரத்துலதான் மொதல்ல தெரியும்னு சொல்வாங்க, அங்கயும் ஒண்ணும் இல்ல. கண்ணாடிக்கு உள்பக்கமா அந்த ஊதா வெளிச்சம் மட்டும் ஆடிட்டு இருக்கும், அதுக்குப் பயப்பட வேண்டியதில்ல. வால்வு சந்தோஷமா இருக்கு. அப்புறம் எது கருகுது?

கேட்ட எல்லாரும் பயஸ பத்தியே பேசினாங்க. கிட்டார் ஆளுங்க கிட்ட ஆம்ப் பிரச்சனைன்னு வாய் தொறந்தா போதும், "பயஸ் செக் பண்ணியா மச்சி"தான் மொத வார்த்தை, காய்ச்சல்னா கஷாயம் குடிச்சியான்னு கேக்குற மாதிரி. அதுலயும் பாதி பேர், "46 எல்லாம் கம்மி, 50 வை, அப்பதான் இஎல்34 பாடும்"னு வேற ஏத்தி விட்டாங்க. ஹாட்டா வச்சாதான் டோன்ங்கிற நம்பிக்கை நம்மாளுங்க மண்டைல ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்கு, எனக்கும் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல.

ராத்திரி 246

மொதல்ல சந்தேகப்பட்டது லைன் வோல்டேஜ. நம்ம ஊர்ல பேருக்கு 230. எங்க தெருவுல சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்லயும் ஏசி ஓடும்போது 222 காட்டும், ராத்திரி பதினோரு மணிக்கு மேல 246. நான் வாசிக்கிறது எப்ப? ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான், ஹெட்ஃபோன் இல்லாத ஆம்ப்புக்கு அது நல்ல நேரம் இல்லங்கிறது வேற விஷயம், மாடி ரூம்ங்கிறதால பக்கத்து வீட்டுக்காரங்க பொறுத்துக்கிறாங்க. பயஸ் வச்சது எப்ப? ஞாயித்துக்கிழமை மத்தியானம், 230ல.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. லைன் ஏழு பெர்சென்ட் ஏறினா எல்லாம் ஏழு பெர்சென்ட்தான் ஏறும்னு தோணும். பிளேட் வோல்டேஜ் ஏறுது, ஸ்க்ரீன் ஏறுது, கரன்ட்ட கட்டுப்படுத்துற கிரிட்டோட நெகட்டிவ் வோல்டேஜும் அதே டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்துதான் வர்றதால அதுவும் கூடவே ஏறி கொஞ்சம் அடக்கி வைக்குது. அப்படியும் வால்வோட கரன்ட் நேர்கோட்டுல போறதில்ல, வோல்டேஜோட ஒன்றரை மடி அடுக்குல போகும், அத மறுபடி வோல்டேஜால பெருக்கினா ரெண்டரை அடுக்கு. ஆகமொத்தம் ஏழு பெர்சென்ட் ஏத்தத்துக்கு பிளேட்ல சூடு பதினெட்டு பெர்சென்ட் கிட்ட கூடுது. மத்தியானம் 17.6 வாட்ல இருந்தது ராத்திரி 20.7. எழுபது பெர்சென்ட்னு பெருமையா எழுதி வச்சது எண்பத்திமூணு. நான் ஊதா வெளிச்சத்த ரசிச்சுட்டு இருந்த அந்த ராத்திரியெல்லாம் வால்வு எண்பத்திமூணுல ஓடிட்டு இருந்திருக்கு. ஃபிலமென்ட்ல 6.3க்கு பதிலா 6.7 வோல்ட், அது பத்து பெர்சென்ட் வரம்புக்குள்ளதான்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு இது இன்னொரு பக்கமா இடிக்கும். பிரைமரில (லைன் பக்கத்து வைண்டிங்) வோல்டேஜ் ஏறினா கோர்ல ஃப்ளக்ஸ் (காந்தப் பாயம்) ஏறும், இரும்பு ஒரு அளவுக்கு மேல தாங்காது, அந்த முட்டுக்கிட்ட போயிட்டா சும்மா இருக்கும்போதே இழுக்குற கரன்ட் குபுகுபுன்னு ஏறும். வால்வெல்லாம் கழட்டிட்டு அளந்தேன், 230ல 60 மில்லிஆம்ப் இழுத்தது 246ல 95. அமெரிக்கால 60 ஹெர்ட்ஸுக்குன்னே கட்டின ஆம்ப்ப ஸ்டெப்டவுன் வச்சு இங்க ஓட்டுறவங்களுக்கும் இதே வியாதிதான். வோல்டேஜ 120க்கு இறக்கிட்டோம்னு நிம்மதியா இருப்பாங்க, ஆனா லைன்ல வர்றது 50 ஹெர்ட்ஸ், ஃப்ளக்ஸ் அஞ்சுல ஒரு பங்கு கூடிடும். உறுமுதேன்னு வந்து கேப்பாங்க, உறுமாம என்ன பண்ணும்.

லைன் வோல்டேஜ்னு சொன்னதும் ராக் கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலன் ஞாபகம் வருது. மார்ஷல் ஆம்ப்ப வேரியாக்ல (வோல்டேஜ ஏத்தி இறக்குற பொட்டி) போட்டு 140 வோல்ட்டுக்கு ஏத்தினேன்னு அந்தக் காலத்துல பேட்டில சொன்னார், நம்பி ஏத்தினவங்க ஆம்ப் புகைஞ்சு போச்சு. நிஜத்துல அவரு பண்ணினது இறக்கினது, 90 வோல்ட் கிட்ட. தொழில் ரகசியத்த மறைக்க புருடா விட்டாரு. அவரோட சத்தத்த தேடி அலையிறவங்க எல்லாருமே பல வருஷம் தப்பான பக்கம் திருகிட்டு இருந்தாங்கன்னு நினைச்சா எனக்கு சிரிப்பா வரும். அப்புறம் என் பயஸ் கதைய நினைச்சா சிரிப்பு நின்னுரும்.

சரி, லைன் காரணமா இருக்கும்னு ஒரு வாரம் சாயங்காலம் 222ல வாசிச்சுப் பார்த்தேன். வாசனை வந்துச்சு. கொஞ்சம் லேட்டா, ஒரு மணி நேரம் கழிச்சு. ஆனா வந்துச்சு.

பன்னெண்டும் பதினஞ்சும்

கையை வச்சுப் பார்த்தா சூடு தெரியும்னு சொல்வாங்க. டிரான்ஸ்ஃபார்மர் மேல உள்ளங்கைய வச்சா அஞ்சு செகண்ட்ல எடுத்துடுவேன். அது நல்லதா கெட்டதா? பவர் டிரான்ஸ்ஃபார்மர்னா சுடத்தான் செய்யும்னு ஒரு கட்சி, கை வைக்க முடியலைன்னா தப்புன்னு ஒரு கட்சி. வெளிய இருக்கிற தகடு என்ன சூடுன்னு தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல, உள்ள கம்பி என்ன சூடுங்கிறதுதான் கேள்வி. அதுக்கு உள்ள தெர்மாமீட்டர் விட வேணாம். கம்பியே தெர்மாமீட்டர். காப்பர் சூடாக சூடாக அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும், இவ்ளோ டிகிரிக்கு இவ்ளோன்னு ஒழுங்கா ஏறும். மோட்டார் டெஸ்ட் பண்றவங்க காலங்காலமா பண்ற வேலை இது, ஆம்ப்புக்கும் பண்ணலாம்னு எனக்கு ஏனோ அதுவரைக்கும் தோணவே இல்ல.

பண்ணினது இப்படி. ஒரு நாள் முழுக்க ஆம்ப்ப ஆன் பண்ணாம விட்டுட்டேன், ரூம் சூடும் கம்பி சூடும் ஒண்ணா இருக்கணும்ல. ரூம்ல 32 டிகிரி. பிளக்க சுவத்துல இருந்து உருவி கைல எடுத்துக்கிட்டு, ஆம்ப்போட ஸ்விட்ச்ச மட்டும் ஆன்ல வச்சு, பிளக்கோட ரெண்டு சின்ன பின்னுக்கும் நடுவுல மீட்டர வச்சேன் (தடிச்ச பின்னு எர்த், அத தொட வேணாம்). சேசிஸ தொறக்க வேண்டியதே இல்ல, நேரா பிரைமரி வைண்டிங்தான் தெரியும். கேபிள், ஃப்யூஸ், மீட்டர் வயருக்குன்னு கால் ஓம் கழிச்சா, 12.0 ஓம். அத ஒரு தாள்ல எழுதி வச்சுட்டு, பிளக்க சொருகி, ஒன்றரை மணி நேரம், பாதி நேரம் நல்லா சத்தமா வாசிச்சும் பாதி நேரம் சும்மா விட்டும் ஓட்டினேன். வாசனை வந்துச்சு. பிளக்க உருவின கையோட மீட்டர வச்சேன், சூடு இறங்குறதுக்குள்ள அளக்கணும்.

15.0.

கணக்கு சின்னதுதான். பதினஞ்ச பன்னெண்டால வகுத்தா 1.25, அதாவது கால் பங்கு கூடியிருக்கு. காப்பருக்கு 234.5ன்னு ஒரு நம்பர் உண்டு, அதோட ரூம் சூடு 32ஐ கூட்டினா 266.5, அதுல கால் பங்கு கிட்டத்தட்ட 67. ரூம் சூட்டுக்கு மேல 67 டிகிரி ஏறியிருக்கு. மொத்தம் 99. உள்ள கம்பி கிட்டத்தட்ட தண்ணி கொதிக்கிற சூட்டுல இருக்கு. அதுவும் சராசரிதான், நட்ட நடுவுல காத்தே படாத இடத்துல இன்னும் பத்து டிகிரியாவது கூட இருக்கும். பேப்பரும் பழைய மாதிரி வார்னிஷும் வச்சு கட்டுறதுக்கு ஏ கிளாஸ்னு பேரு, அதோட வரம்பு 105. அதுக்கு மேல ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இன்சுலேஷனோட ஆயுசு பாதியாகும்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. அந்த தாள கைல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். மூணு மாசமா மூக்கு சொல்லிட்டு இருந்தத நான்தான் காதுல வாங்கல. அம்மா குக்கர்கிட்ட போனதுல ஒரு தப்பும் இல்ல.

இவ்ளோ நடந்தும் ஃப்யூஸ் போகல பாருங்க. போகாது. ஃப்யூஸ் ஷார்ட் ஆனா காப்பாத்தும், மெதுவா வேக வைக்கிறதுக்கு அதுக்கு கண்ணே கிடையாது. சும்மா இருக்கும்போது லைன் பக்கம் அரை ஆம்பியர் கூட போகாத ஆம்ப்புக்கு, ஆன் பண்ணும்போது வர்ற வெட்டு தாங்கணும்னு நான் போட்டிருந்தது 3 ஆம்பியர் ஃப்யூஸ்.

"ஏசியா டிசியா சொல்லு தம்பி"

மறுநாள் டிரான்ஸ்ஃபார்மர் கட்டிக்கொடுத்தவருக்கு போன் போட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்து சந்துல ஒரு மாடிப்படிக்கு கீழ கடை, ஸ்டெபிலைசருக்கும் இன்வெர்ட்டருக்கும் கட்டித்தர்றதுதான் பொழப்பு, என்னைய மாதிரி கிறுக்கனுங்க வருஷத்துக்கு ரெண்டு பேர் வருவோம். மனசுக்குள்ள கோவம்தான். மட்டமான கம்பி போட்டுட்டாரு, ஸ்டாம்பிங் (கோர் தகடு) பழசு, இப்படியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன்.

அவரு ஒண்ணும் பதட்டப்படல. "325 வோல்ட்டு, 150 மில்லி. எழுதி வச்சிருக்கேன். அதுக்கு 32 கேஜ் போட்டேன், கரெக்டா இருக்கும். நீ எவ்ளோ எடுக்குற?"

"நூறு கூட எடுக்கலண்ணே. தொண்ணூத்தியேழுதான்."

"ஏசியா டிசியா சொல்லு தம்பி."

"டிசிண்ணே. டயோடுக்கு அப்புறம்."

"பிரிட்ஜா?"

"ஆமா."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுக்குற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "நான் கட்டினது ஏசிக்கு தம்பி. பிரிட்ஜும் கண்டன்சரும் போட்டா நூத்துக்கு அறுபதுதான் எடுக்கலாம். அன்னிக்கே கேட்டேன்ல என்ன லோடுன்னு, நீ பாட்டுப்பொட்டின்னு சொல்லிட்டு போயிட்ட."

சொன்னேன்தான். அப்படியே சொன்னேன். அவருக்கு இதெல்லாம் புரியாதுன்னு நினைச்சுக்கிட்டு சொன்னேன்.

இத படிச்சுட்டு "அது எப்படி 97 டிசி 150 ஏசிய தாண்டும்"னு கேக்குறவங்களுக்காக கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா நானும் அன்னிக்கு அதத்தான் கேட்டேன். நம்ம வீட்டு சம்ப் தண்ணிய யோசிங்க. வீட்ல தண்ணி செலவாகுறது நாள் பூரா, கொஞ்சம் கொஞ்சமா. ஆனா மெட்ரோ வாட்டர் வர்றது காலைல அரை மணி நேரம். ஒரு நாள் செலவு மொத்தமும் அந்த அரை மணி நேரத்துல உள்ள வரணும், அதனால தெருவுல இருந்து வர்ற பைப்பு தடியா இருந்தாகணும். ரெக்டிஃபையருக்கு அப்புறம் இருக்கிற கண்டன்சர்தான் சம்ப். ஏசி அலை உச்சிக்கு வர்ற அந்த ரெண்டு மூணு மில்லிசெகண்ட் மட்டும்தான் டயோடு தொறக்கும், மீதி நேரம் வைண்டிங்ல கரன்ட்டே கிடையாது. தொறக்குற நேரத்துல எல்லாம் சேர்த்து அரை ஆம்பியர தாண்டி ஒரே இழுப்பா இழுக்கும். கம்பில சூடு கரன்ட்டோட வர்க்கத்துல ஏறுறதால, இப்படி தூக்கித்தூக்கி இழுக்குறது சீரா இழுக்குறத விட ரெண்டு மடங்குக்கு மேல வேக வைக்கும். பிரிட்ஜுக்கு கணக்கு, டிசிய 0.62ஆல வகுக்கணும். 97 வகுத்தல் 0.62, நூத்தி அம்பத்தியாறு. நான் வாசிக்காம சும்மா ஆன் பண்ணி வச்சிருந்தாலே 150 வைண்டிங்ல 156 ஓடுது. வாசிச்சா டிசியே 180, 190ன்னு போகும், அது வைண்டிங்ல 300.

அப்ப அந்த 150ங்கிற நம்பர் எனக்கு எங்க இருந்து வந்துச்சு? இந்த மாதிரி ஆம்ப்புக்கு விக்கிற டிரான்ஸ்ஃபார்மர் விவரத்துல எல்லாம் 345-0-345, 150 மில்லிஆம்ப்னு போட்டிருக்கும், அத அப்படியே காப்பி அடிச்சேன். அது சென்டர் டேப் வச்சது. ரெண்டு பாதி, மாத்தி மாத்தி வேலை பார்க்கும், ஒண்ணு இழுக்கும்போது இன்னொண்ணு ஓய்வு எடுக்கும், அதுல 150 ஏசின்னா 150 டிசி எடுக்கலாம். நான் ஜிஇசட்34ஐ தூக்கிட்டு சென்டர் டேப்ப வேணாம்னு சொன்ன அன்னிக்கே பாதி காப்பர வெட்டி எறிஞ்சுட்டேன். அவங்களுது 690 வோல்ட் பெருக்கல் 150, நூறு விஏக்கு மேல. என்னோடது 325 பெருக்கல் 150, அம்பது கூட இல்ல. பாதி டிரான்ஸ்ஃபார்மர ஆர்டர் பண்ணிட்டு முழு ஆம்ப்ப அது தலைல ஏத்தி வச்சிருக்கேன். ஃபிலமென்ட் வைண்டிங்லயும் இதே கஞ்சத்தனம்தான், ரெண்டு இஎல்34க்கு 3 ஆம்பியர், மூணு 12ஏஎக்ஸ்7க்கு 0.9, பைலட் லேம்ப்புக்கு 0.15, மொத்தம் 4.05, நான் கேட்டது 4. பைலட் லேம்ப்ப கணக்குலயே சேர்க்கல.

இதுல வால்வு மேல ஒரு குத்தமும் இல்ல, எழுபது பெர்சென்ட் விதி மேலயும் குத்தம் இல்ல. அது பிளேட்டுக்கு எழுதின விதி. வால்வு தாங்குமான்னுதான் அது சொல்லும். அந்த 46 மில்லிஆம்ப்ப ராத்திரி முழுக்க யார் தூக்கிட்டு நிக்கிறதுன்னு அதுக்கு தெரியாது. ஆம்ப்ல எல்லாத்துக்கும் ஒரு நாப் இருக்கு, பயஸுக்கு கூட உள்ள ஒரு பாட் (திருகுற ரெசிஸ்டர்) இருக்கு, டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் திருக ஒண்ணும் இல்ல, அதனால யாரும் அத பத்தி பேசறதும் இல்ல.

பத்துல அஞ்சு

புது டிரான்ஸ்ஃபார்மர் கட்ட பத்து நாள் ஆகும்னாரு. அது வரைக்கும் என்ன பண்றதுன்னு பயஸ 33க்கு இறக்கினேன். மனசே இல்ல. டோன் செத்துரும், குரல் கட்டின மாதிரி ஆயிரும்னு நினைச்சுக்கிட்டேதான் திருகினேன். வால்வுல அம்பது பெர்சென்ட் பக்கம் வந்துருச்சு. மறுபடி அதே ஒன்றரை மணி நேரம், அதே அளவு. 12.0 இந்த தடவை 14.0ல நின்னுச்சு, கணக்கு போட்டா 76 டிகிரி. இருபத்தி மூணு டிகிரி சும்மா கிடைச்சுருக்கு, ஒரு ஸ்க்ரூ டிரைவர் திருகல்ல. வாசனை அன்னிக்கு வரவே இல்ல.

சரி டோன்? என் தம்பிய கூப்பிட்டு பின்னாடி உக்கார வச்சேன். அவன் பூவா தலையா போட்டு 33லயோ 46லயோ வைப்பான், நான் திரும்பாம ரெண்டு நிமிஷம் வாசிச்சுட்டு எதுன்னு சொல்லணும். பத்து தடவை. அவன் மேல ரெண்டு நிபந்தனை, ஒரு கைய பாக்கெட்ல வச்சுக்கணும், பயஸ் பாட்ட தவிர எதையும் தொடக்கூடாது, உள்ள 450 வோல்ட் உக்காந்திருக்கு. (இன்சுலேட்டட் ஸ்க்ரூ டிரைவர்தான், இருந்தாலும் எனக்கு அந்த அரை மணி நேரம் வயித்துல புளிய கரைச்சுது. இத நீங்க பண்ணாதீங்க, நானும் இனிமே பண்ண மாட்டேன், பாட்ட வெளிய கொண்டு வந்துட்டேன்.) பத்துல அஞ்சு சரியா சொன்னேன். அவன் போட்ட காசுகிட்டயே கேட்டிருந்தாலும் அஞ்சு சொல்லியிருக்கும். அதுவும் சரியா சொன்னேன்னு ரொம்ப நிச்சயமா இருந்த ரெண்டும் தப்பு. "இது பார், இதுல அடி கனமா இருக்குல்ல, இது 46"ன்னு நான் அவனுக்கு பாடம் எடுத்ததெல்லாம் 33.

ரொம்ப இறக்கினா தெரியும், அதையும் சொல்லணும். 22ல வச்சப்ப சின்ன சத்தத்துல நோட் அடங்கி வர்ற இடத்துல ஒரு கரகரப்பு, தொண்டைல முள்ளு சிக்கின மாதிரி, ரெண்டு வால்வும் ஒண்ணுகிட்ட இருந்து ஒண்ணு கைமாத்துற இடத்துல ஒரு சந்து விழுந்துருச்சு. அதுக்கு காது நல்லா வேணும்னு கூட இல்ல, தம்பிக்கே கேட்டுச்சு, அவன் நாதஸ்வரம் தவிர எதையும் உக்காந்து கேக்குறவன் இல்ல. ஆனா 33க்கும் 46க்கும் நடுவுல இருக்குன்னு இத்தனை வருஷமா நான் நம்பிட்டு இருந்த அந்த "உயிர்" இருக்கே, அது மீட்டர்ல நம்பர பார்த்ததால வந்த உயிர்.

இதுக்காக கோல்டா வச்சாதான் சரின்னு நான் கட்சி மாறல. வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ல நாலு இஎல்84 வால்வு அதோட 12 வாட் வரம்ப தாண்டித்தான் ஓடுது, அதோட அழகே அந்த சூடுதான்னு சொல்றவங்க சொல்லட்டும், அதுக்கு ஏத்த டிரான்ஸ்ஃபார்மரும் அதுல இருக்கு. எனக்கு கேள்வி வேற. கேக்கவே முடியாத ஒரு வித்தியாசத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர ராத்திரி ராத்திரி வேக வச்சுட்டு இருந்திருக்கேன்.

வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இதுல தப்பிச்சுது. அது வேற மாதிரி சாகும், மெதுவா இல்ல, ஒரே அடில. ஸ்பீக்கர் இல்லாம வாசிச்சா பிரைமரில வோல்டேஜ் எங்கயோ எகிறி, வால்வு சாக்கெட்ல பிளேட் பின்னுக்கும் ஃபிலமென்ட் பின்னுக்கும் நடுவுல பொறி பறந்து கரிக்கோடு விழுந்துரும், மூணாவது பின்னும் ரெண்டாவது பின்னும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. அதனால ஸ்பீக்கர் ஜாக்க, பிளக் இல்லேன்னா தானா ஷார்ட் ஆகுற மாதிரி போட்டிருக்கேன். அங்க மட்டும் கொஞ்சம் மூளை வேலை செஞ்சிருக்கு.

புது டிரான்ஸ்ஃபார்மர் வந்து மூணு வாரம் ஆச்சு. இந்த தடவை நான் வாயே தொறக்கல, தாள்ல எழுதி எடுத்துட்டு போனேன்: பிரிட்ஜ், டிசி 190, அதுக்கு அவரே கணக்கு போட்டு 300 மில்லின்னு எழுதி 28 கேஜ் போட்டாரு (நம்பர் குறைஞ்சா கம்பி தடி). பிரைமரில 230, 240, 250ன்னு மூணு டேப். ஃபிலமென்ட்டுக்கு 6 ஆம்பியர். லேயருக்கு நடுவுல இன்சுலேஷனுக்கு லெதராய்டு பேப்பர் கொஞ்சம் தாராளமா. மிக்ஸில ஓவர்லோடு பட்டன் இருக்குல்ல, அந்த மாதிரி உள்ள ஒரு தெர்மல் ஃப்யூஸ் வைக்கட்டுமான்னு அவரே கேட்டாரு, 130 டிகிரில போயிரும், போனா டிரான்ஸ்ஃபார்மர பிரிச்சாதான் மாத்த முடியும், பரவாயில்லையான்னாரு. வைங்கண்ணேன்னேன். ஸ்டாம்பிங் ஒரு சைஸ் பெருசு, சேசிஸ்ல ஓட்டைய அரம் வச்சு ராவி ராவி பெருசாக்க ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு, எடை மட்டும் ரெண்டு கிலோ கூடிருச்சு, மாடிப்படில தூக்கிட்டு ஏறும்போது தெரியுது. 240 டேப்ல வச்சிருக்கேன். ஒன்றரை மணி நேரத்துக்கு அப்புறம் அளந்தா 64 டிகிரி. பாட்டுப்பொட்டி எப்படி இருக்குன்னு போன வாரம் அவரே போன் போட்டு கேட்டாரு.

பயஸ் மறுபடி வச்சாச்சு, 36ல. சும்மா நாப்பதுக்கு ஏத்தி பார்க்கலாமான்னு கை அரிக்கும், ஏத்தல. ஒரே ஒரு சின்ன குறை. வலது பக்க வால்வு இடது பக்கத்த விட 3 மில்லிஆம்ப் கூட காட்டுது. ரெண்டு வால்வையும் இடம் மாத்திப் போட்டுப் பார்த்தேன், அப்பவும் வலது பக்கம்தான் கூட காட்டுது, அதனால வால்வு இல்ல. அந்த 1 ஓம் ரெசிஸ்டர் ரெண்டும் பத்து பெர்சென்ட் டாலரன்ஸ்ல கடைக்காரர் கைல அள்ளிக் கொடுத்தது. அதுல ஒண்ணு நிஜத்துல 1.1 ஓம்னா, இத்தனை நாளும் நான் பெருமையா சொல்லிட்டு இருந்த அந்த 46ல ஒண்ணு 46ஏ கிடையாது. ஒரு பெர்சென்ட் ரெசிஸ்டர் நாலு வாங்கி வச்சிருக்கேன். சால்டர் பண்ணணும்.